சருகு குப்பை அல்ல!

மாசி, பங்குனி மாதங்களில் திருவண்ணாமலைத் தெருக்களில் நடந்தால் காலடியில் சருகு நொறுங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பள்ளிக்கூட வாசலில் பாதாம் இலை. வீட்டுக் கொல்லையில் கொய்யா, பலா இலைகள். சாலையோரத்தில் அரசும் ஆலும் புங்கனும் உதிர்த்தவை. காலையில் எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்கி ஒரு மூலையில் குவிப்பார்கள். பிறகு ஒரு தீக்குச்சி. அரை மணி நேரம் தெருவெல்லாம் புகை. வேலை முடிந்தது!

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இப்படி எரிந்து போகும் அதே பாதாம் இலையைத்தான் வண்ணமீன் கடைகளிலும் இணைய அங்காடிகளிலும் பிளாஸ்டிக் உறையில் போட்டு விற்கிறார்கள். அதைக் காசு கொடுத்து வாங்கிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். வாங்கிப் போய் என்ன செய்கிறார்கள்? மீன்தொட்டியில் போடுகிறார்கள்.

"நல்ல தண்ணீரில் யாராவது சருகைப் போடுவார்களா?" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பது நியாயம்தான். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறிவிடும். பார்ப்பவர்களுக்குத் தொட்டி அழுக்காகிவிட்டது போலத் தெரியும். ஆனால் சில மீன்களுக்கு அந்த நிறம்தான் வீடு. இலை அங்கே என்ன செய்கிறது, எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டால் காசு மிச்சம். மீனும் பிழைக்கும்.

மரம் ஊதாரி அல்ல

இலையை உதிர்ப்பதற்கு முன் அதில் இருக்கும் நல்ல சரக்கையெல்லாம் மரம் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பச்சையம் உடைகிறது. நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற சத்துகளில் ஏறக்குறைய பாதி கிளைக்குத் திரும்பிப் போகிறது. பச்சை போனதும் உள்ளே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. பாதாம் மரத்தில் சிவப்பு நிறமியும் சேர்ந்து இலை செக்கச் செவேலென்று ஆகிவிடுகிறது. கடைசியில் காம்பின் அடியில் ஒரு மெல்லிய அடுக்கு உருவாகி, இலை கழன்று விழுகிறது.

அப்படி விழுந்த இலையில் மீதி இருப்பவை செல்லுலோஸ், லிக்னின் போன்ற நார்ப்பொருட்களும், டானின் என்னும் துவர்ப்புப் பொருளும்தான். இவை மெல்ல மெல்லத்தான் மக்கும். பச்சை இலை அப்படி அல்ல. அதில் சர்க்கரையும் புரதமும் நிறைய இருப்பதால் தண்ணீரில் போட்ட சில நாட்களிலேயே அழுகி நாற ஆரம்பித்துவிடும். அழுகும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜன் குறையும், அம்மோனியா கூடும். மீன்தொட்டிக்குத் தானாக உதிர்ந்து காய்ந்த இலைதான் வேண்டும், மரத்திலிருந்து பறித்த இலை கூடாது என்று சொல்வதன் காரணம் இதுதான்.

துவர்ப்பின் கதை

கடுக்காயை வாயில் போட்டால் நாக்கைப் பிடித்து இழுக்கும். அது டானின் செய்யும் வேலை. தேயிலையிலும் நெல்லிக்காயிலும் வாழைப்பூவிலும் இருப்பது இந்த வகைப் பொருள்தான். பாதாம் மரமும் கடுக்காய் மரமும் உறவுக்காரர்கள். இவற்றோடு தான்றியும் மருதமும் சேர்ந்து எல்லாமே டெர்மினாலியா என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. தெருவில் "பாதாங்கொட்டை மரம்" என்று அழைக்கப்படும் இந்த மரத்துக்குத் தாவரவியலில் டெர்மினாலியா கட்டப்பா என்று பெயர். பாயசத்தில் போடும் பாதாம் வேறு மரத்தினுடையது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நாட்டு வாதுமை என்ற பெயர்தான் இதற்குச் சரியான பெயர்.

டானினுக்கும் இந்த வட்டாரத்துக்கும் பழைய பழக்கம் உண்டு. 1989ல் தனி மாவட்டம் ஆகும் வரை திருவண்ணாமலை வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த வட ஆற்காட்டின் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஊர்கள் தோல் தொழிலுக்குப் பேர் போனவை. குரோமியம் உப்பு வருவதற்கு முன்பு அங்கே தோலைப் பதப்படுத்தியது ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். டானின் புரதத்தோடு இறுகப் பிணைந்துகொள்ளும். பிணைந்த பிறகு நுண்ணுயிரிகளால் அந்தத் தோலை எளிதில் அழுக வைக்க முடியாது. அழுகும் தோலை அழுகாத தோலாக்கும் இந்தக் குணம்தான் "பாதாம் இலை கிருமியைக் கட்டுப்படுத்தும்" என்ற பேச்சுக்கும் அடிப்படை.

மரப்பொருளைத் தண்ணீரில் போடுவது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. கிணறு வெட்டினால் அடியில் நெல்லிக்கட்டை போடுவார்கள், தண்ணீர் ருசியாக இருக்கும் என்று. கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்கப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரசுவார்கள். மீன்தொட்டியில் இலை போடுவதை இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் அவ்வளவு விசித்திரமாகத் தெரியாது.

தேநீர் நிற ஆறுகள்

தென் அமெரிக்காவில் ரியோ நெக்ரோ என்று ஒரு ஆறு ஓடுகிறது. பெயருக்குப் பொருளே கறுப்பு ஆறு என்பதுதான். காட்டில் விழுந்த இலைகள் ஊறி ஊறி அதன் தண்ணீர் கடுங்காப்பி போல ஆகியிருக்கிறது. பிரேசிலின் மனாஸ் நகருக்கு அருகே மண் நிறமுள்ள சோலிமோயிஸ் ஆற்றோடு அது சேரும் இடத்தில், இரண்டு தண்ணீரும் கலக்காமல் சுமார் 6 கிலோமீட்டர் தூரம் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். மீன் கடைகளில் சிவப்பும் நீலமுமாக மின்னும் கார்டினல் டெட்ராவின் சொந்த ஊர் அந்தக் கறுப்புத் தண்ணீர்தான். தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா நாடுகளின் சதுப்புக் காடுகளிலும் இப்படிப்பட்ட நீர் உண்டு.

ஃபைட்டர் மீன் எல்லோருக்கும் தெரியும். சின்னக் கண்ணாடிக் குடுவையில் தனியாக நீந்திக்கொண்டிருக்கும், கண்ணாடியில் தன் நிழலைப் பார்த்தாலே சிலிர்த்துக்கொள்ளும். அது தாய்லாந்து மீன். அந்த நாட்டு அரசு 2019ல் அதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. அங்கே மீன் வளர்ப்பவர்கள் நெடுங்காலமாகவே தொட்டியில் நாட்டு வாதுமை இலையைப் போட்டு வந்தார்கள். அந்தப் பழக்கம்தான் மீனோடு சேர்ந்து உலகமெல்லாம் பரவி, சென்னைக் கொளத்தூரின் வண்ணமீன் கடைகளுக்கும் வந்து சேர்ந்தது.

தாய்லாந்து வரை போகாமலே ஒரு உதாரணம் இருக்கிறது. புதுச்சேரிக்கு அருகே அரியாங்குப்பம் ஆறு ஓடுகிறது. அங்கே பிடித்த ஒரு சிறு மீனை 1831ல் பிரெஞ்சு அறிஞர் கூவியே விவரித்தபோது அதற்குக் 'குபானஸ்' என்று பெயர் வைத்தார். அரியாங்குப்பம் என்ற ஊர்ப் பெயர் பிரெஞ்சுக்காரர் வாயில் 'அரியான் கூப்பாங்' ஆகி, அதிலிருந்து வந்ததுதான் அந்தப் பெயர்! இந்த மீனும் ஃபைட்டரின் குடும்பம்தான். அதைப் போலவே தண்ணீருக்கு மேலே வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கும். வயல் வாய்க்கால், குட்டை, ஓடாத தண்ணீர் என்று இருக்கும். குப்பையும் சருகும் கிடக்கும் இடத்தில் ஒளிந்து, எச்சில் குமிழியால் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். ஆக, சருகோடு வாழும் மீன் தமிழ்நாட்டு வாய்க்காலிலேயே இருக்கிறது. கண்ணாடி போன்ற தண்ணீரும் நீல வண்ணக் கூழாங்கல்லும்தான் அதற்கு அந்நியம்.

தொட்டிக்குள் இலை செய்யும் வேலை

முதல் வேலை நிழல். தேநீர் நிறத் தண்ணீரில் வெளிச்சம் அடங்குகிறது. இருட்டுக்குப் பழகிய மீன்களின் மிரட்சி குறைந்து நிறம் எடுப்பாகத் தெரியும். பாசியும் கொஞ்சம் குறையும். ஆனால் தொட்டியில் நிறையச் செடி வளர்ப்பவர்களுக்கு இந்த நிழல் இடைஞ்சல்.

இரண்டாவது வேலை சாப்பாடு. தண்ணீரில் கிடக்கும் இலையின் மேல் சில நாட்களில் ஒரு வழவழப்பான படலம் பிடிக்கும். அது பாக்டீரியாவும் பூஞ்சையும் ஓரணு உயிரிகளும் சேர்ந்து கட்டிய குடியிருப்பு. பெரிய மீன் அதைக் கண்டுகொள்ளாது. முட்டையிலிருந்து வெளிவந்து சில நாளே ஆன குஞ்சுக்கு அதுதான் விருந்து. கடையில் வாங்கும் தீவனத்தின் தூள்கூட அதன் வாய்க்குள் போகாத வயது அது. தொட்டியில் வளர்க்கும் சிறு இறாலும் நத்தையும் நாள் முழுக்க அந்தப் படலத்தை மேய்ந்துகொண்டிருக்கும். கடைசியில் இலையையும் தின்று தீர்த்துவிடும்.

மூன்றாவது வேலை மறைவிடம். இலைக்கு அடியில் ஒளிந்துகொள்ள முடியும் என்றாலே பலவீனமான மீன் துரத்தலிலிருந்து தப்பிவிடும். மிதக்கும் இலையின் அடியில் ஆண் ஃபைட்டர் தன் குமிழிக் கூட்டைக் கட்டும். அலையில் கூடு கலையாமல் இலை பிடித்துக்கொள்ளும்.

நான்காவது, தண்ணீரின் தன்மையைக் கொஞ்சம் மாற்றுவது. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

ஊர்த் தண்ணீரும் இலையும்

"பாதாம் இலை போட்டால் பி.எச். குறையும்" என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. இலையிலிருந்து மெலிந்த அமிலங்கள் ஊறி வருவது நிஜம்தான். ஆனால் அவை பி.எச். அளவை இறக்குமா இல்லையா என்பது ஏற்கனவே தொட்டியில் இருக்கும் தண்ணீரைப் பொறுத்தது.

திருவண்ணாமலை பாறை நிலம். பாறை இடுக்கில் தேங்கி, ஆழ்துளைக் கிணறு வழியாக மேலே வரும் தண்ணீர் பெரும்பாலும் கடினநீர். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறது அல்லவா, அதுதான் சாட்சி. அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட், இலையிலிருந்து வரும் அமிலத்தை வந்த வேகத்திலேயே சமன் செய்துவிடும். தண்ணீர் பழுப்பாகும், ஆனால் பி.எச். இருந்த இடத்தைவிட்டு நகராது. "இன்னும் இரண்டு இலை போட்டால் குறையும்" என்று அடுக்கிக்கொண்டே போனால் குறைவது பி.எச். அல்ல, ஆக்சிஜன்தான்.

மொட்டை மாடியிலிருந்து பிடித்த மழைநீர் இதற்கு நேர் எதிர். தமிழ்நாட்டில் 2003ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதால் பல வீடுகளில் குழாயும் தொட்டியும் இருக்கின்றன. மழைநீரில் பைகார்பனேட் அநேகமாகக் கிடையாது. அதில் இலையைப் போட்டால் சட்டென்று பி.எச். இறங்கிவிடும், மீன் தாங்காது. இரண்டையும் கலந்து, பரிசோதனைச் சொட்டு மருந்தால் அளந்து பார்த்துப் பயன்படுத்துவதே புத்திசாலித்தனம். ஃபைட்டர், கப்பி போன்ற கடை மீன்கள் ஓரளவு கடினநீரிலும் நன்றாகவே வாழும். அவற்றுக்காகத் தண்ணீரை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. நிழலும் உணவும் மறைவிடமும் கிடைத்தால் போதும். அதை இலை எந்தத் தண்ணீரிலும் கொடுக்கும்.

இலை மருந்தா?

வால் அழுகல், வயிறு வீக்கம், வெள்ளைப் புள்ளி எது வந்தாலும் "பாதாம் இலை போடு" என்பது மீன் வளர்ப்பவர்களிடையே சர்வரோக நிவாரணி போல ஆகிவிட்டது. ஆய்வுக்கூடத்தில் இந்த இலையின் சாற்றைச் செறிவாக எடுத்துச் சோதித்தபோது சில பாக்டீரியாக்களையும் ஒட்டுண்ணிகளையும் அது கட்டுப்படுத்தியது உண்மை. ஆனால் 40 லிட்டர் தண்ணீரில் ஊறும் ஒரு இலை அந்தச் செறிவுக்குப் பக்கத்தில்கூட வராது.

மீனுக்கு நோய் வரும்போது முதலில் பார்க்க வேண்டியது அம்மோனியா, கூட்டம், தீவனம் ஆகியவைதான். பழைய தண்ணீரில் கால் பங்கை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவது ஐந்து இலையைவிட அதிகம் சாதிக்கும். இலையை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டு மீனைப் பறிகொடுப்பவர்கள் பிறகு இலையைத்தான் திட்டுவார்கள். பாவம், இலை என்ன செய்யும்?

எந்த இலை? எது கூடாது?

நாட்டு வாதுமைக்கு முதலிடம். பெரிய இலை, நிறையச் சாயம், கிடைப்பதும் எளிது. கொய்யா இலை சிறியது, கெட்டியானது, அவ்வளவு சீக்கிரம் கரையாது. பலா இலையும் அப்படித்தான். தண்ணீரை அதிகம் கறுப்பாக்காமல் வெகுநாள் கிடக்கும். வாழைச் சருகும் முசுக்கொட்டை இலையும் இறாலுக்குப் பிடித்தவை. தேக்கு இலை அகலமானது, நிறமும் நன்றாக இறங்கும்.

அரச இலையின் அழகு தனி. கோயில் ஊர்களில் அரச இலையின் நரம்பை மட்டும் வலைபோல எடுத்து அதில் சாமி படம் வரைந்து விற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அந்த வலை எப்படி வருகிறது? இலையை வாரக்கணக்கில் தண்ணீரில் ஊறப் போட்டால், நுண்ணுயிரிகள் சதைப் பகுதியைத் தின்றுவிட்டு நார் நிறைந்த நரம்பை மட்டும் விட்டுவைக்கும். மீதியைத் தூரிகையால் தட்டி எடுத்துவிடுவார்கள். மீன்தொட்டியின் அடியில் இலைக்கு நடப்பதும் அதேதான். என்ன, அங்கே படம் வரைய ஆள் இல்லை!

தவிர்க்க வேண்டியவை: அரளி, எருக்கு, ஊமத்தை ஆகியவை நேரடியாக நஞ்சு. வேம்பு பூச்சிகளை ஒடுக்கும், அதனால் இறாலுக்கும் ஆகாது. தைல மரத்தின் இலையில் எண்ணெய் அதிகம். புங்கன் இலையை வயலில் மிதித்துத் தழையுரமாக்குவார்கள், பயிருக்கு அது அமிர்தம். ஆனால் புங்கனின் விதையும் வேரும் மீனுக்கு நஞ்சு என்பதால் அந்த மரத்தை விட்டுவிடுவதே நல்லது. காக்காய்க்கொல்லி விதையைக் குட்டையில் கரைத்து மீனை மயக்கிப் பிடிக்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. இயற்கைப் பொருள் என்றாலே தீங்கு செய்யாது என்று நினைப்பவர்கள் அந்த வழக்கத்தை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கே எடுப்பது?

திருவண்ணாமலை என்றதும் மலைதான் ஞாபகத்துக்கு வரும். "அங்கேதான் காடு இருக்கிறதே, ஒரு பை சருகு அள்ளினால் என்ன?" என்று தோன்றலாம். கூடாது. மலை வனத்துறையின் காப்புக்காடு. அங்கிருந்து அனுமதி இல்லாமல் எதையும் எடுப்பது சட்டப்படி தவறு.

சட்டத்தைவிடப் பெரிய காரணமும் இருக்கிறது. ஒரு காலத்தில் மொட்டையாக, வெறும் புல்லும் பாறையுமாக இருந்த மலை அது. 1980களின் இறுதியிலிருந்து பல அமைப்புகளும் ஊர்க்காரர்களும் மரம் நட்டு, கோடையில் புல்லில் பற்றும் தீயை அணைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சையை மீட்டிருக்கிறார்கள். அங்கே விழும் ஒவ்வொரு சருகும் நாளைய மண். மழைத்துளி நேராக மண்ணில் அறையாமல் தாங்குவதும், தண்ணீர் ஓடிவிடாமல் உள்ளே இறங்க நேரம் கொடுப்பதும் அந்தச் சருகுப் போர்வைதான். 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மலையடிவாரத்தில் ஏற்பட்ட நிலச்சரிவில் ஏழு உயிர்கள் போயின. அவ்வளவு பெரிய மழையை இலை தடுத்திருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் சரிவு நிலத்தின் மண் எவ்வளவு இளகியது என்பதை அந்த நாள் ஊருக்கே காட்டிவிட்டது. அங்கே இருக்கும் பிடிப்பை ஒரு மீன்தொட்டிக்காக உரிக்கத் தேவையில்லை.

கிரிவலப் பாதையிலும் எடுக்க வேண்டாம். 14 கிலோமீட்டர் பாதையில் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். வண்டிப்புகை, எண்ணெய், கற்பூரம், சாப்பாட்டு மிச்சம், எச்சில் எல்லாம் அந்தச் சருகில் இருக்கும். அன்னதானத்தில் சாப்பிட்டுப் போட்ட தையல் இலையும் தொட்டிக்கு ஆகாது. பூச்சிமருந்து அடித்த தோப்பு இலை நிச்சயமாகக் கூடாது. வீட்டுக் கொல்லை, பள்ளி மைதானம், வண்டி போகாத சந்து இவை போதும். மரத்துக்குச் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். பெருக்கும் வேலை மிச்சம்தானே!

பக்குவம் செய்யும் முறை

1. தானாக உதிர்ந்த, முழுக்கக் காய்ந்த இலையாகப் பொறுக்க வேண்டும். பூஞ்சைப் புள்ளி, பறவை எச்சம், பூச்சிக்கூடு உள்ளவற்றை ஒதுக்கிவிட வேண்டும்.

2. தண்ணீரில் இரு பக்கமும் தேய்த்துக் கழுவ வேண்டும். சோப்பு வேண்டவே வேண்டாம்.

3. நிழலில் மறுபடி உலர்த்திக் காகிதப் பையில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூசணம் பிடிக்கும்.

4. தொட்டியில் போடுவதற்கு முன் கொதிநீரை ஊற்றிச் சிறிது நேரம் ஊற விடலாம். கிருமியும் குறையும், இலையும் சீக்கிரம் மூழ்கும். ரொம்ப நேரம் வேக வைத்தால் சாயமெல்லாம் அந்தத் தண்ணீரிலேயே போய்விடும்.

5. 40 லிட்டர் தொட்டிக்கு ஒரு இலையில் தொடங்க வேண்டும். ஒரு வாரம் மீனைக் கவனித்துவிட்டுப் பிறகு இன்னொன்று போடலாம்.

6. ஒன்றிரண்டு மாதத்தில் இலை சல்லடையாகும். இறால் இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். இல்லையென்றால் எடுத்துச் செடித்தொட்டியில் போட்டுப் புது இலை வைக்கலாம்.

7. நிறம் பிடிக்கவில்லையென்றால் வடிகட்டியில் செயலூட்டிய கரியை வைத்தால் தண்ணீர் தெளிந்துவிடும்.

கத்திரி வெயிலில் ஒரு எச்சரிக்கை. 20 டிகிரி தண்ணீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் அது சுமார் 7.5 ஆகக் குறைந்துவிடும். இலை மக்குவதற்கும் ஆக்சிஜன் வேண்டும், மீனுக்கும் வேண்டும். ஃபைட்டராவது மேலே வந்து காற்றைக் குடித்துக்கொள்ளும். தங்கமீன் பாவம், திண்டாடும். சித்திரை, வைகாசியில் இலையைக் குறைத்து, காற்றுக்குழாயை நிறுத்தாமல் ஓட விட வேண்டும். மின்சாரம் போகும் நேரத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீர் இல்லாத தொட்டி

தண்ணீருக்குப் பதில் மண்ணும் செடியும் சிற்றுயிர்களும் வாழும் கண்ணாடிப் பெட்டிக்கு விவேரியம் என்று பெயர். வெளிநாடுகளில் அதில் தவளையும் பல்லியும் வளர்ப்பார்கள். இந்தியாவில் அந்த ஆசைக்கு ஒரு எல்லை உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நட்சத்திர ஆமை போன்ற காட்டு உயிர்களைப் பிடித்து வீட்டில் வைத்திருப்பது குற்றம். அது நல்ல சட்டம். வேலியோரத்து ஓணான் வேலியோரத்திலேயே இருக்கட்டும்.

ஆனால் பெரணியும் பாசியும் நட்டு, அடியில் கூழாங்கல்லும் கரித்துண்டும் பரப்பி, மேலே ஒரு கைப்பிடி சருகு தூவிய பெட்டி ஒன்றை வைக்க எந்தத் தடையும் இல்லை. அதில் குடியிருப்பவர்கள் மிகச் சிறியவர்கள். ஸ்ப்ரிங்டெயில் என்னும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீள உயிர் பூசணத்தைத் தின்னும், தொட்டால் துள்ளும். ஐசோபாட் இலையையே தின்னும். அதில் சில வகை தொட்டவுடன் பந்தாகச் சுருண்டுகொள்ளும். பூச்சி போலத் தெரிந்தாலும் ஐசோபாட் இறாலுக்குத்தான் உறவு. நிலத்துக்கு வந்த பிறகும் அது செவுள் போன்ற உறுப்பால்தான் சுவாசிக்கிறது. அதனால்தான் அதற்கு எப்போதும் ஈரம் வேண்டும். மண் மேல் சருகுப் போர்வை இருந்தால் ஈரம் தங்கும். திருவண்ணாமலை வெயிலில் சருகு இல்லாத பெட்டி இரண்டே நாளில் காய்ந்துபோகும். ஓடு வளரச் சுண்ணாம்புச் சத்து தேவை என்பதால் பொடித்த முட்டை ஓடு கொஞ்சம் தூவலாம்.

இந்தப் பெட்டியில் இலை அலங்காரம் அல்ல. வீடு, சோறு, தண்ணீர்க்குடம் மூன்றும் அதுவே. செடியின் காய்ந்த இலை கீழே விழும். ஐசோபாட் அதைத் தின்னும். அதன் எச்சம் உரமாகும். உரத்தைச் செடி எடுக்கும். மலையில் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் காரியம் மேசை மேல் நடக்கிறது. ஒரு மாதம் உட்கார்ந்து அதைப் பார்க்கும் பிள்ளைக்கு உணவுச் சங்கிலிப் பாடத்தைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டி வராது.

மிச்ச இலை

ஒரு தொட்டிக்கு வருடத்துக்கு இருபது முப்பது இலை போதும். ஒரு நாட்டு வாதுமை மரமே அதைவிடப் பல மடங்கு உதிர்க்கும். ஊரில் இருக்கும் மீன்தொட்டிகள் எல்லாம் சேர்ந்தாலும் சருகுப் பிரச்சினை தீராது. ஆனால் தொட்டியில் இலையின் அருமையைப் பார்த்தவர், மீதி இலையை என்ன செய்வது என்று யோசிப்பார்.

திறந்த வெளியில் குப்பை எரிப்பதற்கு 2016 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை விதித்தது. எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று அபராதமும் சொன்னது. அதற்குப் பிறகும் புகை நின்றபாடில்லை. திருவண்ணாமலை 2024ல் மாநகராட்சி ஆகிவிட்டது. ஊர் பெரிதாகப் பெரிதாக, சருகு விழும் மண் தரை சிமெண்டாக மாறிக்கொண்டே வருகிறது. மண்ணில் விழுந்தால் உரமாகும் இலை சிமெண்டில் விழுந்தால் குப்பை. இலையில் எந்த மாற்றமும் இல்லை. மாறியது தரைதான்.

கொல்லையில் ஒரு முழம் குழி தோண்டிச் சருகைப் போட்டு, அவ்வப்போது சாணமும் தண்ணீரும் தெளித்தால் சில மாதங்களில் மட்கு கிடைக்கும். குழி தோண்ட இடமில்லையென்றால் தென்னை, வாழை, மாமரத்தின் அடியில் மூடாக்காகப் பரப்பலாம். ஒன்றும் முடியாவிட்டால் கோணிப்பையில் கட்டி, செடி வளர்க்கும் ஒருவருக்குக் கொடுக்கலாம். வாங்கிக்கொள்ள ஆள் நிச்சயம் இருக்கும்.

மரம் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டுதான் இலையை விடுகிறது. விட்ட பிறகு அதில் மீனுக்கும் இறாலுக்கும் புழுவுக்கும் மண்ணுக்கும் பங்கு இருக்கிறது. அந்தப் பங்கைக் கொளுத்தாமல் இருந்தாலே போதும்.